நான்கு வயது புல் டெரியரும் தெங்காவில் வரப்போகும் வீடும்

கால்நடை மருத்துவர் பதில்

சிங்கப்பூரின் வடகிழக்கு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட மடல் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாமியாரின் தரைவீட்டில் (அடுக்குமாடி அல்லாத தனியார் வீடு) கூட்டுக் குடும்பம். கணவர், 9 வயது மகள், 20 மாத மகன், எழுபதைத் தாண்டிய மாமியார், ஓர் இல்லப் பணிப்பெண். கணவரின் அலுவலக நண்பர் இன்னும் 2 மாதத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்புகிறார். அவர் வளர்க்கும் 4 வயது ஆண் புல் டெரியரை இவர்களிடம் விட்டுப்போகக் கேட்டிருக்கிறார். வெள்ளை நிறம், ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திட்டு, எடை 28 கிலோ. நண்பர் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று. “மகனின் காலை நக்கிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. மகள் அன்றைக்கே அது தூங்குவதற்கு இடம் பார்த்து வைத்துவிட்டாள்” என்று எழுதுகிறார் வாசகி.

கணவர் ஒரே பிடியாக நிற்கிறார். இங்கிலாந்தில் இந்த வகை நாய்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா என்றே சொல்வார்களாம். மாமியாருக்கு அதன் முகமே பிடிக்கவில்லை. “மூக்கும் நெத்தியும் ஒண்ணா வழிச்சுவிட்ட மாதிரி இருக்கு, இது நாயா பன்னியா” என்கிறாராம். கொழுந்தனார் வேறொரு யோசனை வைத்திருக்கிறார்: வளர்ந்த நாய் எதற்கு, மலேசியாவின் ஜொகூரில் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் குட்டி கிடைக்கிறது, தெரிந்தவர் ஒருவர் இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், உரிமம் எடுக்கும்போது ‘கலப்பு’ என்று போட்டுக்கொள்ளலாம்.

வாசகிக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சின்ன வயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். “இது கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும், விடவே விடாது என்று படித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா? வேண்டாம் என்று சொன்னால் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?” என்று கேட்கிறார். கடைசிப் பத்தியில், போகிற போக்கில், இன்னொன்றும் சொல்கிறார்: தெங்கா புதுநகரில் பிடிஓ வீடு (முன்பதிவுக்குப் பின் கட்டித் தரப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அதாவது வீவக, அடுக்குமாடி வீடு) பதிவு செய்திருக்கிறார்கள், இன்னும் 2 ஆண்டில் சாவி கிடைக்கும். “அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர்.”

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாயை நீங்கள் எடுக்கவேண்டாம் என்பதே என் கருத்து. தாடை, முகம், தஞ்சாவூர் ஊசி எதுவும் அதற்குக் காரணமில்லை. நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்ட தெங்கா வீடுதான் காரணம். அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம்.

பூட்டிக்கொள்ளும் தாடை, பிள்ளை வளர்க்கும் ஆயா

இரண்டுமே கட்டுக்கதை. புல் டெரியரின் தாடையில் பூட்டு என்று எந்த அமைப்பும் கிடையாது. எலும்பு, மூட்டு, தசைநார் எல்லாம் மற்ற நாய்களுக்கு இருப்பவைதாம். கவ்வியதை எளிதில் விடாத பிடிவாதம் இந்த வகையில் கூடுதல், தாடைத் தசையும் தலையும் பெரியவை. கதை அங்கிருந்து கிளம்பியதுதான்.

உங்கள் கணவர் சொல்லும் ‘ஆயா’வும் அதே ரகம். பிரிட்டனில் காளையோடு நாய்களை மோதவிடும் விளையாட்டு 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் நின்றது. அதற்குப் பயன்பட்ட புல்டாக், டெரியர் கலப்புகளிலிருந்து வந்தவைதாம் இன்றைய புல் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் எல்லாம். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்ற வணிகர் 1860களில் வெள்ளை நிறத்தையும் நீண்ட முகத்தையும் குறிவைத்து இனப்பெருக்கம் செய்து, கண்காட்சிக்கும் கனவான்கள் வீட்டுக்கும் ஏற்ற நாயாகப் புல் டெரியரை மாற்றினார். உங்கள் மாமியாருக்குப் பிடிக்காத அந்த முட்டை வடிவ முகம் அந்த வழியில் வந்ததுதான். மனிதர்களிடம் ஒட்டிக்கொள்ளும் குணம் இவற்றுக்கு உண்மையாகவே உண்டு. என் மேசையில் ஊசி போடும்போதும் வாலாட்டுகிற நாய்கள் இவை. ஆனால் எந்த நாயினமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக உருவாக்கப்படவில்லை. அந்த நம்பிக்கையில் குழந்தையையும் நாயையும் கூடத்தில் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

இனம் எவ்வளவு தூரம் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை வைத்துச் செய்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. அதனால் ‘புல் டெரியர் என்றாலே கடிக்கும்’ என்பதும் தவறு, ‘புல் டெரியர் என்றாலே குழந்தைக்கு உகந்தது’ என்பதும் தவறு. எந்த நாய், எப்படி வளர்ந்தது, யாரிடம் வளர்ந்தது என்றுதான் பார்க்கவேண்டும்.

ஆனால் அந்த ஆய்வு பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஷிட்சு போன்ற ஒரு சின்ன நாய் எரிச்சலில் கடித்தால் பிளாஸ்டருடன் போய்விடும். 28 கிலோ புல் டெரியர் அதே எரிச்சலில் கடித்தால் அறுவைக் கூடம்வரை போகும். கடிக்கவே வேண்டாம், ஆசையாக ஓடிவந்து மோதினாலே போதும். உங்கள் மாமியார் ஊன்றுகோல் வைத்திருப்பதாகவும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருடைய மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் நாயின் முகத்தைத் திட்டுவது இருக்கட்டும், அவருடைய பயத்தில் பொருள் இருக்கிறது.

மகனுக்கு 20 மாதம். நிற்கும்போது அவன் முகமும் நாயின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரம். அந்த வயதில் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுப்பார்கள், சாப்பாட்டுத் தட்டில் கைவிடுவார்கள், தூங்கும் நாய்மேல் விழுவார்கள். “காலை நக்கிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது” என்றீர்கள். நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் நக்கியபோது அதன் உடம்பு தளர்ந்திருந்ததா, விறைத்திருந்ததா? வாய் லேசாகத் திறந்திருந்ததா, இறுக மூடியிருந்ததா? தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்ததா? தூக்கமே இல்லாமல் கொட்டாவி விட்டதா? நாய்கள் உறுமுவதற்கு வெகுமுன்பே இப்படியெல்லாம் ‘போதும், தள்ளிப் போ’ என்று சொல்லிவிடுகின்றன. இரண்டு முறை பார்த்ததில், அதுவும் அதன் சொந்த வீட்டில், சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போது பார்த்ததில், இதையெல்லாம் கணித்துவிட முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

சிங்கப்பூரில் சில நாயினங்கள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு (ஏவிஎஸ்) இதைக் கவனிக்கிறது. பட்டியலின் முதல் பகுதியில் பிட் புல், அக்கிட்டா, ஜப்பானிய தோசா போன்றவை இருக்கின்றன. ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரையும் அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியரையும் நம் சட்டம் பிட் புல் வகையிலேயே சேர்க்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயருக்குத் தடை கிடையாது என்பது உண்மை. அந்த நினைப்பில் இங்கே வந்து முட்டிக்கொள்கிறவர்கள் பலர். இந்த முதல் பகுதி நாய்களை இறக்குமதி செய்யவே முடியாது. புல் டெரியர் இரண்டாம் பகுதியில் ராட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்டு வரிசையில் வருகிறது. கலப்புகளும் பட்டியலில் அடக்கம்.

உங்கள் மாமியாரின் தரைவீட்டில் புல் டெரியரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழியிருக்கிறது. நிபந்தனைகளோடுதான். மைக்ரோசிப், கருத்தடை, கீழ்ப்படிதல் பயிற்சி, பிறருக்கோ பிற விலங்குகளுக்கோ காயம் ஏற்பட்டால் ஈடுகட்ட குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி, வங்கி உத்தரவாதம் என்று போகிறது பட்டியல். பொது இடத்தில் கயிறும் வாய்ப்பூட்டும் கட்டாயம். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

“நண்பரின் உரிமம் முடியும்வரை அவர் பெயரிலேயே இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று உங்கள் கணவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கூடவே கூடாது. நாய் கைமாறும்போது உரிமமும் முறைப்படி மாறவேண்டும், காப்புறுதியும் உத்தரவாதமும் புதிய உரிமையாளர் பெயரில் இருக்கவேண்டும். நண்பர் விமானம் ஏறிய பிறகு நாய் யாரையாவது கடித்துவிட்டால், உரிமம் இல்லாமல் வைத்திருந்த குற்றம் தனியாகவும் கடி தனியாகவும் உங்கள் வாசலுக்கு வரும். காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும்.

இப்போது தெங்காவுக்கு வருவோம். வீவக வீட்டில் ஒரு நாய் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். புல் டெரியர் அதில் இல்லை. பயிற்சிச் சான்றிதழ், அண்டைவீட்டார் கையெழுத்து, எம்பியைப் பார்த்து வாங்கும் கடிதம் என்று எதைக் கொண்டுபோனாலும் பட்டியலிடப்பட்ட நாய்க்கு அங்கே இடமில்லை. மீறினால் அபராதம் 4,000 வெள்ளி வரை.

சாவி வாங்கிய பிறகு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் 5 ஆண்டு. அதுவரை நீங்கள் அந்த வீட்டில் வாழ்ந்தாகவேண்டும். கணக்குப் போடுங்கள். நாய்க்கு இப்போது 4 வயது, சாவி வரும்போது 6, ஐந்தாண்டு முடியும்போது 11. புல் டெரியரின் ஆயுள் பொதுவாகப் பத்திலிருந்து பதின்மூன்று ஆண்டு. அதாவது அதன் நடுவயதும் முதுமையும் முழுவதும், உங்கள் குடும்பம் அதை வைத்துக்கொள்ள முடியாத காலத்தில் விழுகிறது. ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு ஒரே அர்த்தம், 6 வயதில் அது மீண்டும் ஒருமுறை வீடு மாறும் என்பதுதான். மாமியாரிடம் விட்டுப்போகலாம் என்று யாராவது சொன்னால், ஊன்றுகோலையும் 28 கிலோவையும் நினைவூட்டுங்கள். ஆறு வயதுப் பட்டியல் நாய்க்கு இந்த ஊரில் புது வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்பது காப்பகங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். தரைவீடோ தனியார் அடுக்குமாடியோ வைத்திருப்பவர், நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்பவர், வளர்ந்த நாயை விரும்புபவர் என்று வடிகட்டினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? கைவிடுவது என்பது வழியே இல்லை. அது 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம்.

கயிற்றைப் பிடிக்கப்போவது யார்?

உங்கள் மடலில் என் கண்ணில் குத்திய வரி ஒன்று உண்டு: “காலையும் மாலையும் பணிப்பெண் நடைக்குக் கூட்டிப்போவார்.” வீட்டில் எல்லாருடைய கருத்தையும் எழுதியிருக்கிறீர்கள், கொழுந்தனார் கருத்து உட்பட. இவருடைய கருத்து மட்டும் இல்லை. கேட்டீர்களா?

ஒல்லியான ஒருவர் ஒரு கையில் குடையும் மறு கையில் புல் டெரியரின் கயிறுமாகச் சாலையோரம் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். எதிரே பூனையோ, உறுமும் இன்னொரு நாயோ வருகிறது. அந்த ஒரு நொடியில் அவர் கயிற்றை விடாமல் பிடித்தால் கீழே விழுவார், விட்டால் நாய் சாலையில் இருக்கும். இவ்வகை நாய்கள் மனிதர்களிடம் குழைந்தாலும் மற்ற நாய்களிடம் மோதும் சுபாவம் சிலவற்றில் எஞ்சியிருக்கிறது. வம்பு நடந்த பிறகு மன்னிப்புக் கேட்பதும் அழுவதும் பெரும்பாலும் கயிற்றைப் பிடித்திருந்த பணிப்பெண்தான். நாய்க்கு ஆசைப்பட்டவர் அப்போது அலுவலகத்தில் இருப்பார். என் மருந்தகத்தில் இதைப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆகவே உங்கள் கணவரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: காலை ஏழு மணிக்கு முன்பும் வெயில் இறங்கிய பிறகும் நீங்களே நடத்திப் போவீர்களா, தினமும், மழைக்கால டிசம்பரிலும், வேலைப் பயணம் இருக்கும் வாரத்திலும்? புல் டெரியருக்கு நம் ஊர் வெயில் ஆகாது, நண்பகல் நடை உயிருக்கே ஆபத்து. வெள்ளை நாய் என்பதால் காதிலும் மூக்கிலும் வயிற்றிலும் வெயில் சுட்டுப் புண்ணாகும். புறங்கையைச் சில விநாடி தார்ச்சாலையில் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது முடியாது.

வாசல் கேட்டையும் மறக்காதீர்கள். பொட்டலம் கொண்டுவருபவர் கேட்டைப் பாதி திறந்துவைத்துவிட்டுப் போகிற வீடுகளில் வம்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது அது எங்கே இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

ஜொகூர்க் குட்டி

இதற்கு ஒரு பத்தி போதும். கொழுந்தனாரின் தெரிந்தவர் செய்யப்போவது கடத்தல். ஸ்டாஃபர்ட்ஷயருக்கு இறக்குமதி அனுமதியே கிடையாது, உரிமமில்லா இறக்குமதிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘கலப்பு’ என்று எழுதினால் பொய்த் தகவல் தந்த குற்றமும் சேரும், கலப்பும் பட்டியலில்தான் இருக்கிறது என்பதால் அதில் லாபமும் இல்லை. மயக்க மருந்து கொடுத்துக் கார் டிக்கியில் திணித்துக் கொண்டுவரப்படும் குட்டிகளில் சில வழியிலேயே செத்துப்போகின்றன, சில பார்வோ என்ற கொடிய வைரஸோடு வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. மலேசியாவில் இருக்கிறது, சரவாக்கில் 2017இல் தொடங்கிய பரவலில் உயிர்கள் போயிருக்கின்றன. சிறுவயதில் அந்த ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கவேண்டியதில்லை. கொழுந்தனாரிடம் நீங்கள் தயங்காமல் ‘இல்லை’ சொல்லலாம்.

நண்பரிடம் கேட்கவேண்டியவை

நான் சொன்னதையெல்லாம் படித்த பிறகும் உங்கள் வீட்டில் முடிவு வேறாகலாம். பிடிஓவை விட்டுவிட்டுத் தனியார் வீடு வாங்க நினைக்கலாம், மாமியாரின் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்க முடிவுசெய்யலாம். அப்படியானால் கையெழுத்துப் போடும் முன் நண்பரிடம் சிலவற்றைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: புல் டெரியருக்கு இங்கிலாந்தில் தடை இல்லையே, ஏன் கூடவே கொண்டுபோகவில்லை? செலவு, கூண்டு, இந்த வகை நாய்களை ஏற்றிக்கொள்ளத் தயங்கும் விமான நிறுவனங்கள் என்று நியாயமான பதில்கள் இருக்கின்றன. பதில் மழுப்பலாக வந்தால் விசாரியுங்கள். அவர் வீட்டில் சின்னக் குழந்தை உண்டா, நாய் இதுவரை யாரையாவது, எந்த விலங்கையாவது கடித்திருக்கிறதா, ‘விளையாட்டாக’ என்று சொல்லப்படும் கடிகள் உட்பட? கீழ்ப்படிதல் பயிற்சியை எங்கே முடித்தது?

மருத்துவக் கோப்பை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் புல் டெரியர்களில் பிறவிச் செவிடு கணிசமாக உண்டு. ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கண்டுபிடிப்பதற்கு மூளைத்தண்டின் மின் அலைகளை அளக்கும் சோதனை தேவைப்படும். கேளாத நாயைத் தூக்கத்தில் பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும் வாய்ப்பு அதிகம். பரம்பரைச் சிறுநீரக நோயும் இந்த இனத்தில் உண்டு, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கவேண்டும். தோல் ஒவ்வாமையால் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு நிறுத்த முடியாமல் சுற்றுகிறதா என்றும் கேளுங்கள். வால் துரத்துவதைப் பார்த்துச் சிரித்துக் காணொளி எடுப்பார்கள். இந்த இனத்தில் அது பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படும் ஒரு கோளாறு.

எடுத்துக்கொள்வதற்கு முன் அடுத்த இரண்டு மாதத்தில் வாரம் ஒருமுறையாவது உங்கள் வீட்டுக்கு அதை வரவழையுங்கள், ஒரு விலங்கு நடத்தை வல்லுநரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கும் நாய்க்கும் இடையே எப்போதும் தடுப்புக் கதவோ ஒரு பெரியவரோ இருக்கவேண்டும். இதில் ‘ஐந்து நிமிடம்தானே’ என்பது கிடையாது. நாய் சாப்பிடும் இடமும் தூங்கும் இடமும் பிள்ளைக்கு எட்டாத அறையில் இருக்கட்டும்.

வாய்ப்பூட்டைக் கொடுமை என்று எழுதியிருக்கிறீர்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை நம் வெயிலில் நடைக்குப் போட்டால் கொடுமைதான், நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. கூடை வடிவ வகையில் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பழக்குவது சுலபம். கூடையின் உள்பக்கத்தில் கொஞ்சம் கெட்டித் தயிரைத் தடவிக் கையில் பிடியுங்கள். நாய் தானே மூக்கை நுழைத்து நக்கட்டும். வாரைக் கட்டாதீர்கள். சில நாள் இப்படியே போகட்டும். மூக்கு தானாக உள்ளே போகத் தொடங்கிய பிறகு ஒரு நொடி வாரைப் பூட்டி அவிழ்த்துவிடுங்கள், பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடலை வெண்ணெய் தடவுவதானால் புட்டியில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், நாய்க்கு அது நஞ்சு. வெங்காயமும் பூண்டும் உலர்திராட்சையும் அப்படித்தான். மாமியாருக்கு மனம் இளகிப்போய் மிச்சமான சாம்பார் சாதத்தை வைத்துவிடாமல் இருக்க இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

தெங்காவுக்கும் பொருந்துகிற வழி

உங்கள் கணவருக்குப் பிடித்தது அந்தத் திரட்சியான உடம்பும் கோமாளித்தனமும் என்றால், வீவக பட்டியலில் பாஸ்டன் டெரியர் இருக்கிறது. அதுவும் புல்டாக்கும் டெரியரும் கலந்த வழியில் வந்ததுதான், 11 கிலோவைப் பெரும்பாலும் தாண்டாது. குட்டை மூக்கு என்பதால் வெயிலில் அதற்கும் மூச்சு முட்டும், அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். ஜாக் ரஸ்ஸலும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். சின்ன உடம்பில் ஓயாத மோட்டார் அது. நாட்டுக் கலப்பு நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுக்க ‘புராஜெக்ட் அடோர்’ திட்டத்தில் வழியிருக்கிறது. நடுத்தர உயரம்வரை அனுமதி உண்டு, எடை வரம்பை எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், எந்த நாயானாலும் மகனுக்கு நாலைந்து வயதாகும்வரை பொறுங்கள். தெங்காவில் குடியேறி, பெட்டிகளைப் பிரித்து, மகளும் புதுப் பள்ளிக்குப் பழகியிருப்பாள். அப்போது அவளே காலையில் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் வயதில் இருப்பாள்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். “அம்மாவுக்குப் பயம், அதனால் வேண்டாம்” என்று பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், நாயைக் கெட்டது என்றும் சொல்லாதீர்கள். 9 வயதுப் பிள்ளைக்கு மேலே போட்ட கணக்கு புரியும்: 4, 6, 11. தெங்காவுக்குப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கும் என்பதைக் கணவரே அவளிடம் சொல்லட்டும். ஆசையைக் கிளப்பியவர் அவர்தானே. நண்பர் புறப்படும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போய் அந்த நாயை நடத்திவரலாம், அவள் பக்கத்தில் நடக்கலாம், கயிறு பெரியவர் கையில் இருக்கட்டும். நாய்க்கு நல்ல வீடு தேடுவதிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் உள்ள தரைவீட்டுக் குடும்பமாக, இதற்கு முன் பலமான நாயை வளர்த்தவர்களாக இருந்தால் நல்லது. நண்பர் இன்றைக்கே தேடத் தொடங்கவேண்டும், இரண்டு மாதம் சீக்கிரம் ஓடிவிடும். உங்கள் வீட்டு ‘பார்க்கலாம்’ என்ற பதிலை நம்பி அவர் காத்திருக்கிறார் என்றால், முதலில் அவருக்குத் தெளிவாக ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு தஞ்சாவூர் போவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். அங்கே நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயம் சிறியதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். ஊசித் தவணை முடிவதற்குள் சிங்கப்பூர் திரும்பவேண்டியிருந்தால் அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை இங்கே போட்டுக்கொள்ளலாம்.